ஜோன் கஸ்ஸோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜோன் கஸ்ஸோ?

அமெரிக்காவின் ஊட்டச்சத்துக் கல்வியாளர். முழுப் பெயர் ஜோன் டை கஸ்ஸோ. 1928 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் அல்ஹாம்ப்ராவில் பிறந்தார். 2025 மார்ச் 7 அன்று நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பியர்மான்ட் என்ற சிற்றூரில், தன் வீட்டிலேயே காலமானார். வயது 96. இரண்டு மகன்களுக்குத் தாய். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வகுப்பெடுத்தவர். உள்ளூரில் விளைவதை அந்தந்தப் பருவத்தில் சாப்பிடுவோம் என்று இன்று பேசுகிற அமெரிக்கர்கள் பலர் அவரைத் தங்கள் இயக்கத்தின் தாய்க்கிழவியாகவே பார்க்கிறார்கள்.

ஊட்டச்சத்து பற்றிப் பேசுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்களே. இவரிடம் என்ன விசேஷம்?

மற்றவர்கள் தட்டில் இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். இதில் எவ்வளவு புரதம், எவ்வளவு வைட்டமின், எத்தனை கலோரி? இவர் தட்டுக்குப் பின்னால் போய் நின்று கேட்டார். இது எந்த மண்ணில் விளைந்தது? யார் விளைவித்தார்கள்? இங்கே வந்து சேர எவ்வளவு எண்ணெய் எரிந்தது? பேரன் பேத்தி காலத்திலும் அந்த மண் விளையுமா?

இன்றைக்கு இதெல்லாம் பழகிப்போன கேள்விகள். 1970 வாக்கில் ஓர் ஊட்டச்சத்துத் துறைக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டால், "இது விவசாயத் துறையின் வேலை அல்லவா?" என்றுதான் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். வேதியியலும் உடலியலும் தெரிந்தால் ஊட்டச்சத்து தெரிந்த மாதிரி என்பதுதான் அப்போதைய நிலை. கஸ்ஸோ தொடங்கிய பாடத்துக்கு ஊட்டச்சத்துச் சூழலியல் என்று பெயர். மண், தண்ணீர், எரிபொருள், மக்கள்தொகை, விளம்பரம், வணிகம் எல்லாமே அதில் வரும். உணவு வல்லுநராகப் போகிற மாணவி மண்வளம் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டால், மண் கெட்டுப்போன பிறகு நீ யாருக்கு என்ன உணவைப் பரிந்துரைப்பாய் என்பதுதான் அந்தப் பாடத்தின் பதில்.

சின்ன வயதிலிருந்தே இந்தத் துறையில்தான் இருந்தாரா?

இல்லை. பொமோனா கல்லூரியில் மருத்துவப் படிப்புக்கு ஆயத்தமாகிற பாடங்களை எடுத்து 1950-இல் பட்டம் பெற்றார். டாக்டர் ஆகவில்லை. நியூயார்க் போய் டைம் பத்திரிகையில் ஆய்வாளர் வேலையில் சேர்ந்தார். அந்தக் காலத்து டைம் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் ஆண்கள், அவர்கள் எழுதியதில் தகவல் சரியா என்று தேடிப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் பெண்கள். கோபம் வரவைக்கிற ஏற்பாடுதான். ஆனால் ஒரு கூற்றைக் கேட்டவுடன் "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கிற பழக்கம் அங்கே ஊறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பின்னாளில் உணவு கம்பெனிக்காரர்கள் அந்தக் கேள்வியால் நிறையவே அவதிப்பட்டார்கள்.

1956-இல் ஓவியர் ஆலன் கஸ்ஸோவைத் திருமணம் செய்தார். பிள்ளைகள் பிறந்தார்கள், நகரத்துக்கு வெளியே காங்கர்ஸ் என்ற ஊரில் குடியேறினார்கள். ஹெர்பர்ட் பர்ச் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இவர் எழுதிய புத்தகம் 1970-இல் வந்தது. ஏழைக் குழந்தைகள் பள்ளியில் பின்தங்குவதற்கும், அவர்களும் அவர்களின் தாய்மார்களும் அனுபவிக்கும் நோய், சத்துக் குறைவு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் புத்தகம் அது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே மூளை மட்டு என்று பேச ஆட்கள் இருந்த காலம். வயிற்றையும் ரத்தத்தையும் பாருங்கள், அப்புறம் மூளையைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் இந்தப் புத்தகத்தின் வாதம்.

டீச்சர்ஸ் காலேஜில் ஊட்டச்சத்து படிக்கச் சேர்ந்தபோது நாற்பது வயது. 1975-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே துறைக்குத் தலைவராகி சுமார் பத்து ஆண்டு நடத்தினார்.

டிவி விளம்பரங்களை எதிர்த்தார் என்கிறார்களே, அது என்ன கதை?

அவரைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததே அதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை காலை என்றால் குழந்தைகளுக்குக் கார்ட்டூன். அம்மா அப்பா தூங்கிக்கொண்டிருக்க, பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். படங்களுக்கு நடுவே விளம்பரம் வரும். கஸ்ஸோ அந்த விளம்பரங்களை எண்ண ஆரம்பித்தார். ஒரு வாரத்துக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் 388 விளம்பரம். அதில் 82 சதவீதம் வாயில் போடுகிற ஏதோ ஒன்று: சர்க்கரை பூசிய காலை உணவு, மிட்டாய், சூயிங்கம், பானம், வைட்டமின் மாத்திரை. காய், கீரை, பழம், பால் என்று எதையாவது சாப்பிடச் சொன்னவை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுகூடத் தேறவில்லை.

1972-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் இந்தக் கணக்கை வைத்தார். ஊட்டச்சத்துக் கல்வி ஆய்விதழிலும் அது வெளியானது. பள்ளியில் ஆசிரியை வாரத்துக்கு ஒரு தடவை காய்கறி சாப்பிடு என்கிறார், டிவி நாளெல்லாம் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது, இதில் எது குழந்தைக்கு உண்மையான ஊட்டச்சத்துப் பாடம் என்று கேட்டார். அவர் சொன்னதற்கு எதிராக உணவு கம்பெனிகளும் விளம்பரத்துறையும் வரிந்துகட்டின.

என்னைக் கேட்டால், அந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது அவர் வைட்டமின் மாத்திரையையும் அதே பட்டியலில் சேர்த்ததுதான். மிட்டாய் போல இனிக்கும், கார்ட்டூன் உருவத்தில் இருக்கும் மாத்திரையை விற்றுவிட்டு, பிள்ளை சத்தாகச் சாப்பிடுகிறது என்று தாயை நம்பவைப்பதும் ஒரு விற்பனைதான் என்பதை அந்தக் காலத்தில் பலர் பார்க்கவில்லை.

அதனால் ஏதாவது மாறியதா?

சட்டத்தில் பெரிதாக எதுவும் இல்லை. எஃப்டிசி என்ற வணிக ஒழுங்குமுறை ஆணையம் 1978-இல் சின்னக் குழந்தைகளுக்கான டிவி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. அரசு நாட்டுக்கே ஆயா வேலை பார்க்கிறதா என்று ஒரு பெரிய நாளிதழ் தலையங்கத்திலேயே கேலி செய்தது. 1980-இல் நாடாளுமன்றம் அந்த ஆணையத்தின் சிறகை வெட்டிவிட்டது. கதை அத்தோடு முடிந்தது. ஆனால் குழந்தைகளைக் குறிவைக்கும் உணவு விளம்பரம் பற்றி அப்புறம் ஆராய்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் அந்த 1972 கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஸ்ட்ராபெர்ரிக் கணக்கு என்று சொல்கிறார்களே?

கலிஃபோர்னியாவில் விளைந்த ஒரு ஸ்ட்ராபெர்ரியை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுவர 435 கலோரி எரிபொருள் செலவாகிறது, அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் நமக்குக் கிடைப்பது 5 கலோரி. இதுதான் அவர் சொன்ன கணக்கு. அதாவது, பழத்தில் இருப்பதைப்போல 87 மடங்கு எரிபொருள் வழியிலேயே போய்விடுகிறது. ஊட்டச்சத்துக்காரர்களின் சொந்த அளவுகோலான கலோரியை எடுத்து அவர்கள் கண்ணெதிரிலேயே நீட்டியதால்தான் இது இத்தனை பேர் மனதில் நின்றது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது விமானத்துக்கு உண்டான கணக்கு. கப்பலிலும் லாரியிலும் வருகிறவற்றுக்கு இவ்வளவு ஆகாது. அமெரிக்க உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு மொத்தம் 11 சதவீதம்தான், விளைவிக்கும் கட்டத்தில்தான் 83 சதவீதம் என்று 2008-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எனவே தூரத்தை மட்டும் பார்த்து "உள்ளூர் நல்லது, வெளியூர் கெட்டது" என்று முடிவு கட்டினால் தப்புக் கணக்காகும். கஸ்ஸோ உள்ளூர் என்றபோது தூரம் மட்டும் அவர் மனதில் இல்லை. பக்கத்தில் இருக்கிற விவசாயி பிழைத்துக் கிடக்க வேண்டும், விளைகிற நிலம் நம் கண்ணில் பட வேண்டும், அப்போதுதான் அதைக் காப்பாற்றத் தோன்றும் என்பதும் சேர்ந்ததுதான் அவருடைய உள்ளூர். அவர் பெயரைச் சொல்லி எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

வெண்ணெயா, மார்கரினா?

மார்கரின் என்பது எண்ணெயிலிருந்து ஆலையில் செய்கிற, வெண்ணெய் போன்ற பொருள். வேதியியலாளர்களைவிட மாட்டின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம் என்று சொல்லி வெண்ணெயின் பக்கம் நின்றார். அவர் சொன்னதிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுவது இதுதான். மார்கரினில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பின்னால் உறுதியாகி, அதன் மூலமான பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களை இனிப் பாதுகாப்பானவையாகக் கருத முடியாது என்று அமெரிக்க அரசு 2015-இல் அறிவித்தது. அதற்காக, அவர் சொல்லிவிட்டார் என்று வெண்ணெயை அள்ளி அள்ளிப் போடுவது அவர் சொன்னதைப் புரிந்துகொண்டதாகாது.

அரசின் உணவு வழிகாட்டியில் அவருக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் வெளியிலிருந்து. 1986-இல் கேட் கிளான்சி என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க அரசு மக்களுக்குத் தருகிற உணவு வழிகாட்டிக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடம்புக்கு நல்லது என்று சொன்னால் போதாது, நிலத்துக்கும் நீருக்கும் தாங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று திருத்தி எழுதிய கட்டுரை. துறைக்குள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 2015-இல், அரசே அமைத்த வல்லுநர் குழு அதே யோசனையைப் பரிந்துரைத்தது. வேளாண் அமைச்சரும் சுகாதார அமைச்சரும் வழிகாட்டியில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இரண்டாவது தடவையும் தள்ளுபடி.

ஆர்கானிக் சட்டம் விஷயத்தில் சண்டை போட்டாராமே?

1990-இல் அமெரிக்காவில் ஆர்கானிக் உணவுக்குச் சட்டம் வந்தது. விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல ஒரு வாரியம் அமைத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் கஸ்ஸோ அதில் உறுப்பினர். முக்கியத் தகராறு இதுதான்: ஆர்கானிக் முத்திரை குத்திய பாக்கெட் உணவில் செயற்கைச் சேர்மானங்கள் இருக்கலாமா?

வேண்டாம் என்றார் இவர். அந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றும் வாதிட்டார். சேர்மானம் இல்லாவிட்டால் பாக்கெட் உணவே செய்ய முடியாது, ஆர்கானிக் சந்தை வளராது என்றது எதிர்த்தரப்பு. அதற்குப் பதிலாகத்தான் "ஆர்கானிக் ட்விங்கிக்குச் சான்றிதழ் கொடுக்க முடியுமா?" என்று ஒரு கட்டுரை எழுதினார். ட்விங்கி என்பது உள்ளே கிரீம் வைத்த மஞ்சள் கேக், பெட்டிக்கடை முதல் பெட்ரோல் பங்க் வரை கிடைக்கிற சரக்கு. தொழில்நுட்ப ரீதியாகக் கொடுக்கலாம் என்றால், நாம் இத்தனை ஆண்டு பாடுபட்டது இதற்குத்தானா என்பது அவர் கேள்வி.

தோற்றார். அனுமதிக்கப்பட்ட செயற்கைப் பொருட்களின் பட்டியலோடுதான் விதிகள் 2002-இல் நடைமுறைக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், புளுபெர்ரி பயிரிடும் ஒரு விவசாயி வழக்குப் போட, 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின்படி அந்தச் சேர்மானங்களுக்கு இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. கஸ்ஸோ சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார். சில மாதங்களில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தித் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. இன்றைக்கும் ஆர்கானிக் பிஸ்கட், ஆர்கானிக் சிப்ஸ் என்று அலமாரி அலமாரியாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால், அவர் கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்று தெரிந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் சரி, அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார்?

பெரும்பாலும் கொல்லையில் விளைந்ததை. குளிர்காலத்தில் மண் உறைந்துபோகிற ஊர் அது என்பதை மறக்கக் கூடாது. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வெங்காயம் எல்லாம் கோடையில் விளைவித்து, எடுத்துப் பத்திரப்படுத்தி, அதை வைத்துக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டுவார். ஜனவரியில் தக்காளி வேண்டும் என்ற ஆசைக்கு இடமில்லை.

காங்கர்ஸில் முப்பது ஆண்டுக்கு மேல் பாடுபட்ட தோட்டத்தை விட்டுவிட்டு, 1990களின் நடுவில் கணவரும் அவரும் பியர்மான்ட்டுக்குப் போனார்கள். வாங்கிய பழைய வீடு இற்றுப்போயிருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் அவர் மனசெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஆறு வரை நீளமாக ஓடுகிற அந்த நிலத்தின் மேல்தான். பார்க்க அழகான இடம், பயிர் வைக்கத் தொல்லை பிடித்த இடம். ஹட்சனில் அங்கே வரைக்கும் கடலின் ஏற்றவற்றம் உண்டு. தண்ணீர் ஏறும்போதெல்லாம் தோட்டத்துக்குள் வரும். ஆற்றோரத்து நீரெலிகள் வேறு, வளர்த்ததைத் தின்றுவிட்டுப் போகும். அந்த எலிகளோடு நடத்திய போராட்டத்தைப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்.

2010 மார்ச்சில் பெரும் மழையும் காற்றும் சேர்ந்து ஆறு உள்ளே புகுந்தது. பாத்திகள், பலகைகள், செடிகள் எல்லாம் போயிற்று. அவருக்கு அப்போது 81 வயது. இத்தோடு போதும் என்று யார் சொன்னாலும் தப்பில்லாத வயது. ஊர்க்காரர்களும் நண்பர்களும் கைகொடுக்க, மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்தி, பாத்திகளைப் புதிதாக அமைத்து, அந்தக் கோடையிலேயே மறுபடி காய் பறித்தார். 2012-இல் சாண்டி புயல் பியர்மான்ட்டை அடித்து நொறுக்கியது. அதற்குப் பிறகும் தோட்டத்தை விடவில்லை.

தாமே விளைவிக்காதவர் விவசாயியின் கஷ்டத்தைப் பாடமாக எடுப்பது எளிது. மழையில் அழுகின உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எடுக்கிற பாடம் வேறு மாதிரி இருக்கும்.

நிலமும் நேரமும் உள்ளவர்களுக்குத்தானே இதெல்லாம் ஒத்துவரும்?

நியாயமான கேள்வி. ஆற்றங்கரையில் சொந்த நிலம், பேராசிரியர் வேலை, வளர்ந்துவிட்ட பிள்ளைகள். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற தாயிடம் போய் வெங்காயம் விளைவியுங்கள் என்றால் அது இரக்கமில்லாத பேச்சு. கஸ்ஸோவைக் கொண்டாடும் எழுத்துகளில் பல இதைத் தொடாமலே போகின்றன.

அவர் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. எல்லோரும் என்னைப் போல் தோட்டம் போடுங்கள் என்பது அவருடைய கோரிக்கை அல்ல. குழந்தைகள் பார்க்கிற விளம்பரம், அரசின் வழிகாட்டி, ஆர்கானிக் விதி என்று அவர் கைவைத்த இடமெல்லாம் தனி மனிதர் கடையில் நின்று தீர்த்துக்கொள்ள முடியாதவை. மக்களுக்குச் சரியாகச் சாப்பிடத் தெரியவில்லை என்று குறைசொல்வதைவிட, சரியாகச் சாப்பிட விடாத ஏற்பாட்டை மாற்றுவதில்தான் அவருடைய ஆயுளில் பெரும்பகுதி போனது.

குடும்பத்தைப் பற்றி?

கணவர் ஆலன் இயற்கைக் காட்சி ஓவியர், சூழல் பாதுகாப்பிலும் ஈடுபாடு உள்ளவர். பியர்மான்ட்டுக்குக் குடிவந்து கொஞ்ச காலத்திலேயே, 1997-இல், புற்றுநோயால் இறந்தார். நாற்பது ஆண்டுத் தாம்பத்தியம். அதற்குப் பிறகு கஸ்ஸோ எழுதியது பலரைத் திடுக்கிட வைத்தது: எதிர்பார்த்த துக்கம் தனக்கு வரவில்லை, தனியாக இருப்பது நன்றாகவே இருக்கிறது, இது ஏன் என்று தனக்கே புரியவில்லை என்று அச்சில் எழுதினார். விதவை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எந்த ஊரில்தான் இல்லை? எழுபது, எண்பது வயதில் அதை மீறி எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அதைக் கணவர் மேல் குறையாகவும் எழுதவில்லை, தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மகன்களில் ஒருவரான ஆடம் கஸ்ஸோ ப்ளூஸ் இசையில் ஹார்மோனிகா வாசிப்பவர். ஹார்லெம் தெருவோரத்தில் ஸ்டெர்லிங் மேகீ என்ற கறுப்பினக் கலைஞரோடு சேர்ந்து வாசித்துப் பேர் வாங்கியவர், பிறகு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பிள்ளை நடுத்தெருவில் நின்று வாத்தியம் வாசிக்கப் போனால் எத்தனை வீட்டில் சும்மா விடுவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எப்போது ஓய்வு பெற்றார்?

பெயரளவுக்கு எப்போதோ. ஊட்டச்சத்துச் சூழலியல் வகுப்பைத் தொண்ணூறு வயது தாண்டியும் எடுத்துக்கொண்டிருந்தார்.

மைக்கேல் போலன் சொன்னதெல்லாம் இவருடையதுதான் என்கிறார்களே, உண்மையா?

உணவு பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர் போலன். தான் புதிதாக ஏதோ யோசித்துவிட்டதாக நினைக்கும்போதெல்லாம், தேடிப் பார்த்தால் ஜோன் அதை முன்னாலேயே சொல்லியிருப்பார் என்று அவரே பேட்டியில் சொன்னார். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பறையில் சொன்னது ஆயிரம் மாணவர்களுக்குப் போகும், விற்பனையில் முன்னால் நிற்கும் புத்தகத்தில் வந்தது லட்சக்கணக்கானவர்களுக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

தோட்டம் பிடிக்கும் என்றால் 2001-இல் வந்த 'திஸ் ஆர்கானிக் லைஃப்'. வீடு இடித்துக் கட்டிய கதை, ஸ்ட்ராபெர்ரி, சமையல் குறிப்புகள் எல்லாம் கலந்து கிடக்கும். முதுமை, தனிமை, கணவரின் மறைவு பற்றிப் படிக்க 2010-இல் வந்த 'குரோயிங், ஓல்டர்'. நீரெலிகளும் அதில்தான் வரும். 1978-இல் வந்த 'தி ஃபீடிங் வெப்' அவருடைய வகுப்பையே புத்தகமாக்கினது போன்ற தொகுப்பு. கனமானது, புள்ளிவிவரங்களில் பல பழையவை, ஆனால் ஊட்டச்சத்து படிக்கிற மாணவர்கள் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு நேரே இதற்குப் போவது நல்லது. பழைய புத்தகக் கடைகளில் தேடினால் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.